இருமல்: ஒரு தவறான வாசிப்பு

விமர்சனம் எழுதுகிறவன் தன் தீர்ப்புகளைத் திருத்தி எழுதுவது நம்மிடையே வழக்கமில்லை. பழைய கட்டுரைகள் தொகுப்பாக வரும்போது, முன்னுரையில் 'இவற்றில் சிலவற்றோடு இன்று எனக்கு உடன்பாடில்லை' என்று ஒரு வாக்கியம் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எவற்றோடு, ஏன் என்று சொல்வதில்லை. 1988ல் நான் எழுதிய ஒரு கட்டுரையை, அதைவிட முக்கியமாக, அந்தக் கட்டுரையை நம்பிக்கொண்டு அதன் பின் முப்பது வருஷம் நான் நடந்துகொண்டதை, இங்கே திருத்த வேண்டியிருக்கிறது. திருத்தத்துக்குக் காரணம் புதிய இலக்கியக் கொள்கை எதுவும் அல்ல. இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு புழு.

நண்பரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர் கவிதைகளைப் படித்தவர்கள் ஐம்பது பேர் இருந்தால் அதிகம். அவர்களுக்குப் பெயர் தேவைப்படாது. கெலமங்கலம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மல்பெரித் தோட்டத்தில் கூலிக்கு இலை பறித்த குடும்பம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். இந்த எல்லைப் பிரதேசத்தில் இது விசேஷமில்லை. 1985ல், இருபத்திரண்டு வயதில், ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் கிரைண்டிங் பிரிவில் சேர்ந்தார். நான் அதே பேட்டையில் இன்னொரு கம்பெனியில் டூல்ரூமில் இருந்தேன். அன்று இது தர்மபுரி மாவட்டம். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004ல்தான். சிப்காட் வந்து பத்துப் பதினைந்து வருஷம்கூட ஆகாத ஊர். ஷிஃப்ட் விடும் நேரத்தில் சைக்கிள்கள் ஜூஜூவாடி வரை நீளும். வந்தவர்கள் எல்லாருமே எங்கிருந்தோ வந்தவர்கள். நண்பர் மட்டும் முப்பது கிலோமீட்டருக்குள்ளிருந்து வந்தவர். ஆனால் எங்கள் எல்லாரையும்விட அதிக தூரம் வந்தவர் அவர்தான் என்று அப்போது நான் நினைத்தேன்.

அந்த நினைப்புத்தான் கட்டுரையாயிற்று. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து சைக்ளோஸ்டைல் செய்து ஒரு பத்திரிகை நடத்தினோம். ஐந்து இதழ் வந்தது. நண்பர் இருபத்தெட்டுக் கவிதைகள் அடங்கிய ஒரு நோட்டை என்னிடம் தந்தார். பாதி தொழிற்சாலைக் கவிதைகள். மீதி பாதி மண்ணைப் பற்றியவை: நீர் பாய்ச்சின மல்பெரிப் பாத்தியில் வெறுங்காலோடு நிற்பது, விரலிடுக்கில் ஏறும் சேறு, அது உள்ளே போய்விட்டது மாதிரி இரவெல்லாம் கால் அரிப்பது. நான் முதல் பாதியை எடுத்துக்கொண்டேன். இரண்டாவது பாதியைத் திருப்பிக் கொடுக்கவுமில்லை, பிரசுரிக்கவுமில்லை. கட்டுரையில், இவை கிராமத்தை விட்டு வந்தவனின் ஏக்கம், நவீன பிரக்ஞை இதைக் கழித்துவிட்டுத்தான் ஆரம்பமாகிறது என்று எழுதினேன். தொழிற்சாலைக் கவிதைகளில் வரும் இருமலை மட்டும் பிடித்துக்கொண்டு, அது இயந்திரம் ஒரு மனித உடம்பின் வழியாகப் பேசுவது என்று இரண்டு பக்கம் விளக்கினேன். வாக்கியங்கள் நன்றாகவே அமைந்திருந்தன. அதுதான் தொல்லை.

இருமல் கவிதையில் இருந்தது போலவே ஆளிடமும் இருந்தது. கிரைண்டிங் வீலிலிருந்து பறக்கும் தூசி மூக்கில் ஏறும், நெஞ்சில் தங்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். 2012 வாக்கில் இருமலோடு இளைப்பும் சேர்ந்தது. நம் வீடுகளில் 'ஈஸ்னோபீலியா' என்று ஒரு வார்த்தை புழங்குகிறது. இளைப்பு வந்தவர்களைப் பற்றி, 'அவருக்கு ஈஸ்னோபீலியா' என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது. அது உண்மையில் ஒரு நோயின் பெயரல்ல. இயோசினோஃபில் என்கிற ஒரு வகை வெள்ளணு ரத்தத்தில் கூடியிருப்பதை மட்டும் சொல்லும் வார்த்தை. ஒவ்வாமையிலும் கூடும். உடம்புக்குள் புழு இருந்தாலும் கூடும். நண்பரின் வருடாந்திரப் பரிசோதனைக் காகிதங்களில் மூன்று வருஷம் தொடர்ந்து இந்த எண் அதிகமாக இருந்தது. அலர்ஜி, தூசி என்று எழுதியிருந்தார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். எனக்கு அது ஒரு நிரூபணமாகக்கூட இருந்தது. கட்டுரையில் நான் எழுதினதை ரத்தமே ஊர்ஜிதம் செய்கிறது என்று.

இன்ஹேலர் கொடுத்தார்கள். அதோடு பிரட்னிசோலோன் மாத்திரை, ஐந்து நாளைக்கு. ஸ்டெராய்ட். இரண்டாவது நாளே மூச்சு இலேசாகிவிட்டது. ஐந்து நாள் முடிந்து பத்துப் பதினைந்து நாளில் இளைப்பு திரும்பியது. மறுபடி மாத்திரை. சட்டப்படி டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மாத்திரைதான். சட்டம் கடைக்கு வெளியில் நின்றுகொண்டிருக்கும். நண்பரைப் பொறுத்தவரை ஒரு நாள் லீவு போட்டு டாக்டரிடம் போவதைவிட ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் ஒரு பட்டை வாங்கிக்கொள்வது சுலபம். சில தடவை, அவருக்கு முடியாதபோது, நானே வாங்கிக் கொடுத்திருக்கிறேன். இதை இங்கே எழுதாமல் விட்டால் மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை. ஆறு வருஷம், விட்டு விட்டு, சில சமயம் விடாமல், அந்த வெள்ளை மாத்திரை அவர் உடம்புக்குள் போயிற்று.

2017ல் ஒரு சாயங்காலம், ராமநாயக்கன் ஏரிக் கரையில் உட்கார்ந்திருந்தபோது, அவர் சொன்னார்: "தொடையில ஒரு கோடு ஓடுதுப்பா."

"என்ன கோடு?"

"செவப்பா, மெல்லிசா. அரிக்கும். பார்த்துட்டே இருந்தா நவுருது. ராத்திரி தொடையில இருந்தது, தூங்கி எழுந்தா இடுப்புக்கிட்ட இருக்குது. அப்புறம் ஒண்ணுமே இல்ல."

கவிதை எழுதுவதை நிறுத்தி இருபது வருஷமான ஒருவர் மறுபடி ஆரம்பிக்கப் போகிறார் என்று நான் சந்தோஷப்பட்டேன். நல்ல படிமம், எழுது என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

அது படிமம் இல்லை. மருத்துவப் புத்தகத்தில் அதற்கு ஒரு பெயர் உண்டு. லத்தீனில் வைத்திருக்கிறார்கள்: ஓடும் புழு என்று அர்த்தம். தோலுக்கடியில் ஒரு மணிக்கு ஐந்து பத்து சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். மனிதத் தோலில் இந்த வேகத்தில் போகும் புழு அபூர்வம். நோயைத் தெரிந்த ஒருவரிடம் அந்த வாக்கியத்தை அவர் சொல்லியிருந்தால் அந்த ஒரு வாக்கியமே போதும். அவர் சொன்னது ஒரு விமர்சகனிடம்.

2018 ஆகஸ்டில் அவர் படுத்துவிட்டார். வயிற்றுவலி, கழிச்சல், எடை பதினோரு கிலோ குறைந்திருந்தது. பிறகு காய்ச்சல். பிறகு கோழையில் ரத்தம். ஓசூர்க்காரர்களுக்குப் பெரிய வைத்தியம் என்றால் அத்திப்பள்ளியைத் தாண்டுவதுதான். பெங்களூரில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சுப் படம் முழுக்க வெள்ளை. முதல் இரண்டு நாள் காசநோய் என்று சந்தேகம். ரத்தத்தில் கிருமி பரவியிருந்தது. குடலில் இருக்க வேண்டிய பாக்டீரியா ரத்தத்தில் எப்படி வந்தது என்பது அவர்களுக்குப் புரியவில்லை. மூன்றாம் நாள், கோழையில் காசநோய்க் கிருமியைத் தேடிக்கொண்டிருந்த ஒரு இளம் டாக்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நுண்ணுயிர்ப் பிரிவு. கன்னடம் கலந்த தமிழில் பேசினார்.

"இவரு சின்ன வயசுல செருப்பில்லாம மண்ணுல நடந்திருக்காரா சார்?"

"முப்பத்திமூணு வருஷமா ஃபாக்டரியில இருக்காருங்க," என்றேன். "கிரைண்டிங். எல்லாம் அந்தத் தூசியினாலதான்."

"அதுக்கு முன்னாடி?"

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பதில் தெரியாமல் இல்லை. அந்தக் கேள்விக்கான பதில் பதினான்கு கவிதைகளாக என் கையில் இருந்தது, நான் அதைக் கழித்திருந்தேன்.

அவர் மைக்ராஸ்கோப்பைக் காட்டி, பாருங்க என்றார். மங்கலான மஞ்சள் வெளியில் ஒரு நூல் நெளிந்தது. நின்றது. மறுபடி நெளிந்தது. பயங்கரமாக ஒன்றும் இல்லை. அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. மலத்தையும் சோதித்தார்கள். அகர் தட்டு ஒன்றில் கொஞ்சம் வைத்து மூடிவிடுவார்கள். இரண்டு நாளில் புழுக்கள் அதன்மேல் ஊர்ந்து போகும், போன தடம் முழுக்க பாக்டீரியா வளர்ந்து வெள்ளைக் கோடாகத் தெரியும். அந்தத் தட்டையும் எனக்குக் காட்டினார். ஒரு குழந்தை கிறுக்கினது போலிருந்தது. இதை எத்தனையோ விதமாக வர்ணிக்கலாம். நான் எதுவும் செய்யப்போவதில்லை.

புழுவின் பெயர் ஸ்ட்ராங்கிலாய்டிஸ் ஸ்டெர்கொராலிஸ். 1876ல், இன்றைய தெற்கு வியட்நாமான கொச்சின் சீனாவிலிருந்து கழிச்சலோடு திரும்பிவந்த பிரெஞ்சு சிப்பாய்களிடம், தூலோன் துறைமுகத்தில் லூயி நோர்மான் என்கிற கடற்படை மருத்துவர் இதைக் கண்டார். மலம் கலந்த ஈரமண்ணில் இதன் இளம்புழு இருக்கும். வெறுங்கால் பட்டால் தோலைத் துளைத்து உள்ளே போகும். ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழலில் ஏறி, விழுங்கப்பட்டு, சிறுகுடலில் போய்த் தங்கும். உடம்புக்குள் இருப்பவை பெண்புழுக்கள் மட்டுமே. ஆண் தேவைப்படாமலே முட்டையிடும். இதுவரை கொக்கிப்புழுவின் கதையிலிருந்து பெரிய வித்தியாசமில்லை.

வித்தியாசம் அடுத்த கட்டத்தில். மற்ற பல குடல் புழுக்களுக்கு ஆயுள் உண்டு. முட்டை வெளியே போய் மண்ணில் விழுந்து மறுபடி ஒரு காலைத் தேடினால்தான் அடுத்த தலைமுறை. மண்ணை விட்டு விலகி வந்துவிட்டால் சில வருஷத்தில் உடம்பு சுத்தமாகிவிடும். இந்தப் புழுவின் முட்டை குடலுக்குள்ளேயே பொரிந்துவிடுகிறது. வெளியேறும் குஞ்சுகளில் சில அங்கேயே வளர்ந்து, குடல் சுவரையோ ஆசனவாய்த் தோலையோ துளைத்துத் திரும்ப உள்ளே நுழைகின்றன. அதற்கு மண் இனித் தேவையில்லை. உடம்பே மண்ணாகிவிடுகிறது. இப்படி ஒரே ஆளுக்குள் முப்பது, நாற்பது, ஐம்பது வருஷம்கூட வாழ்ந்துகொண்டிருக்கும். மண்ணை விட்டு வந்தாயிற்று என்று ஆள் நினைத்துக்கொண்டிருப்பான்.

இதை நிரூபித்தது இரண்டாம் உலக யுத்தம். 1942-43ல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டார்கள். அதில் வேலை வாங்கப்பட்ட பிரிட்டிஷ் யுத்தக் கைதிகள் பலர் ஊருக்குத் திரும்பிப் பல பத்தாண்டுகளுக்குப் பின்னும், லிவர்பூலில் உள்ள வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் சோதிக்கப்பட்டபோது, ஏறத்தாழ எட்டில் ஒருவரிடம் இந்தப் புழு இருந்தது. இங்கிலாந்தின் குளிரில், ஷூ போட்டு நடந்த கால்களோடு, அவர்களுக்குள் சயாமின் சேறு உயிரோடு இருந்தது. அதே பாதையில் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரக்கணக்கில் செத்தார்கள். செத்தவர்களின் எண்ணிக்கையே மதிப்பீடுதான். பிழைத்துத் தோட்டத்துக்குத் திரும்பினவர்களை ஐம்பது வருஷம் கழித்துக் கூப்பிட்டு யார் சோதித்திருப்பார்கள்? சயாம் மரண ரயில் பற்றிப் பேசும்போதெல்லாம் ஞாபகம், மறதி என்கிற வார்த்தைகளை நாம் தாராளமாக உபயோகிக்கிறோம். சிலருடைய ஞாபகம் குடலில் இருந்திருக்கிறது.

சாதாரணமாக இந்தப் புழு ஆளைக் கொல்வதில்லை. பெரும்பாலோருக்கு இருப்பதே தெரியாது. கொஞ்சம் வயிற்றுவலி, கொஞ்சம் அரிப்பு, இளம்புழு நுரையீரல் வழியாகப் போகும்போது கொஞ்சம் இருமல், இளைப்பு. உலகத்தில் 60 கோடிப் பேருக்கு இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். உடம்பு அதைத் துரத்துவதுமில்லை, பெருக விடுவதுமில்லை. இயோசினோஃபில்களும் இன்னும் சிலவும் சேர்ந்து அதன் எண்ணிக்கையை ஓர் அளவில் வைத்திருக்கின்றன. எதிர்ப்புசக்தி என்றவுடன் நமக்குக் கோட்டை, மதில், படை என்று பிம்பங்கள் வருகின்றன. இங்கே மதிலுக்குள் எதிரி நாற்பது வருஷமாகக் குடியிருக்கிறான். ஒரு சமரசம் நடந்துகொண்டிருக்கிறது.

ஸ்டெராய்ட் அந்தச் சமரசத்தைக் கலைக்கிறது. வெள்ளணுக்களை அடக்குகிறது. இயோசினோஃபில்களின் எண்ணிக்கை இறங்கிவிடும். ரிப்போர்ட்டைப் பார்க்கிறவருக்கு நோய் குறைந்தது போலத் தோன்றும். கொஞ்சநஞ்சம் இருந்த தடயமும் இப்படி அழிகிறது. புழுவின் வளர்ச்சியை ஸ்டெராய்ட் நேரடியாகவே தூண்டுகிறது என்றும் ஒரு கருத்து உண்டு. எப்படியானாலும், உள்ளேயே திரும்ப நுழையும் சுற்று கட்டுக்கடங்காமல் வேகமெடுக்கிறது. ஆயிரக்கணக்கில் இளம்புழுக்கள் குடல் சுவரைத் துளைத்துக்கொண்டு நுரையீரல், ஈரல், மூளை என்று போகின்றன. போகும்போது குடலின் பாக்டீரியாவையும் சுமந்து செல்கின்றன. அகர் தட்டில் நான் பார்த்த வெள்ளைக் கோடு உடம்புக்குள்ளும் போடப்படுகிறது. சாவு அநேகமாக அந்த பாக்டீரியாவினால்தான் வரும். வைத்தியம் தாமதமானால் பிழைப்பவர்கள் குறைவு.

இதில் இருக்கும் பொறி எவ்வளவு கச்சிதமானது என்று பாருங்கள். புழு இளைப்பை உண்டுபண்ணுகிறது. இளைப்புக்கு ஸ்டெராய்ட் கொடுக்கிறோம். ஸ்டெராய்ட் இளைப்பை இரண்டு வாரம் அமுக்கிவிட்டுப் புழுவைப் பெருக்குகிறது. பெருகின புழு இளைப்பை அதிகப்படுத்துகிறது. அதிகமான இளைப்புக்கு இன்னும் கொஞ்சம் ஸ்டெராய்ட். நண்பருடைய இருமலில் தொழிற்சாலைத் தூசிக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். முப்பது வருஷம் அந்தத் தூசியைச் சுவாசித்த நுரையீரல் அது. ஆனால் ஒரு காரணம் கண்ணுக்கெதிரே, நம் கொள்கைக்கும் இசைவாக, இருந்துவிட்டால் இன்னொன்றைத் தேடமாட்டோம். டாக்டர்கள் தேடவில்லை. நான் தேட வேண்டாம் என்றே எழுதியிருந்தேன்.

எதிர்ப்புசக்தி குறைந்த உடம்பில் ஒட்டுண்ணி என்றால் இந்தச் சாலையில் இருப்பவர்களுக்கு முதலில் நினைவு வருவது எச்.ஐ.வி.தான். 1986ல் சென்னையில் முதல் தொற்றுகள் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து, அன்று ஏழாம் எண்ணாக இருந்து இப்போது நாற்பத்திநாலாகிவிட்ட இந்த நெடுஞ்சாலை, அதன் லாரிகள், டாபாக்கள் எல்லாம் சந்தேகத்துக்குரியவையாயின. கிருஷ்ணகிரிப் பக்கத்து டிரைவர்கள் சிலர் எலும்பாக இளைத்துத் தாம்பரம் சானடோரியத்துக்கு பஸ் ஏறினதை நான் பார்த்திருக்கிறேன். இலவச மருந்து 2004 ஏப்ரலில்தான் ஆரம்பித்தது. அதற்கு முன் அவர்களைக் கொன்றவற்றில் காசநோய்க்கு அடுத்து இப்படிப்பட்ட சிறு பிராணிகளும் உண்டு. கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒன்று. குளோரினுக்குச் சாகாது, கொதிக்கவைத்தால் சாகும். நல்ல உடம்பில் ஒரு வாரம் இரண்டு வாரம் கழிச்சலைக் கொடுத்துவிட்டுப் போய்விடும். எய்ட்ஸ் உடம்பில் போகாது. 1993ல் அமெரிக்காவில் மில்வாக்கி நகரத்தின் குழாய்த் தண்ணீரில் அது கலந்து நான்கு லட்சம் பேர் படுத்தார்கள். செத்தவர்களில் பெரும்பாலோர் எய்ட்ஸ் நோயாளிகள். டாக்ஸோபிளாஸ்மா இன்னொன்று: மூளையில் வருஷக்கணக்காகச் சும்மா தூங்கிக்கொண்டிருந்து, எதிர்ப்புசக்தி விழுந்ததும் விழித்துக்கொள்வது. ஸ்ட்ராங்கிலாய்டிஸும் எய்ட்ஸில் இப்படியே கிளம்பும் என்று எதிர்பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு அது நடக்கவில்லை. அதற்கு வேண்டிய கதவு வேறு. சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்கள், புற்றுநோய்க்காரர்கள், மூட்டுவாதக்காரர்கள், ஆஸ்த்மாக்காரர்கள் விழுங்கும் ஸ்டெராய்ட்தான் அந்தக் கதவு. நோய் கொண்டுவரும் பலவீனத்தைப் பற்றி நாம் பேசுகிறோம். வைத்தியம் கொண்டுவரும் பலவீனத்துக்கு லாரியும் டாபாவும் மாதிரி ஓர் அடையாளம் கிடையாது. அதனால் அதைப் பற்றிப் பேச்சும் குறைவு.

2020 ஜூனில், டெக்ஸாமெத்தசோன் கோவிட் நோயாளிகளில் சிலரைப் பிழைக்க வைக்கிறது என்று செய்தி வந்தது. உண்மையான செய்தி, ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களை அது காப்பாற்றியது. 2021ல் இங்கே அது கைக்குக் கை மாறியது, மூச்சுத் திணறாதவர்கள்கூட விழுங்கினார்கள். நான் தெரிந்தவர்களையெல்லாம் போனில் கூப்பிட்டு, சின்ன வயதில் வெறுங்காலோடு வயலில் நடந்தாயா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கிழத்துக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று என் பெண் நினைத்தாள். ஆனால் வெளிநாட்டு மருத்துவ இதழ்களில் அதே எச்சரிக்கை 2020லேயே வந்திருந்தது.

'ஒட்டுண்ணி' என்கிற வார்த்தையை நம் விமர்சனத்தில் எவ்வளவு சுலபமாக எறிகிறோம் என்பது எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் உறைத்தது. மொழிபெயர்ப்புகளைப் பார்த்து எழுதுகிறவன் ஒட்டுண்ணி, குழுவை அண்டிப் பிழைப்பவன் ஒட்டுண்ணி. நானும் எழுதியிருக்கிறேன். நோயை உருவகமாக்குவதன் தீமையைப் பற்றி சூசன் ஸான்டாக் 1978ல் ஒரு புத்தகமே எழுதிவிட்டார். நம்மில் பலர் படித்துவிட்டுப் பாராட்டினோம். அவர் பேசினது க்ஷயத்தையும் புற்றுநோயையும் பற்றி. என் தவறு அதற்கு ஓரடி முந்தியது. நோயை நான் உருவகமாக்கவில்லை. உருவகம் என்று நினைத்ததில் நோய் இருந்தது. இரவெல்லாம் கால் அரிக்கிறது என்று ஒருவர் எழுதினால் அவருக்குக் கால் அரித்திருக்கலாம் என்கிற எளிய சாத்தியம் எனக்குத் தோன்றவேயில்லை. புழு நுழையும் இடத்தில் அரிக்கும் என்பது பிற்பாடு படித்தது.

நண்பர் பிழைத்தார். ஸ்டெராய்டை நிறுத்தி, ஐவர்மெக்டின் கொடுத்தார்கள். தினமும், கோழையிலும் மலத்திலும் புழு இல்லை என்று ஆகி அதன் பிறகும் இரண்டு வாரம். பள்ளிக்கூடங்களில் 2015லிருந்து பூச்சி மாத்திரை தினம் வைத்துக் கொடுக்கிறார்களே அல்பெண்டசோல், அது உருண்டைப்புழு, கொக்கிப்புழுவுக்கு நல்லது. ஒரே வேளை மாத்திரையில் இந்தப் புழு அநேகமாக அசையாது. நண்பரும் வருஷத்துக்கு ஒன்று போட்டுக்கொண்டவர்தான். ஐவர்மெக்டினுக்கு மூலம் ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்தின் பக்கத்தில் எடுத்த மண்ணிலிருந்த ஒரு நுண்ணுயிர். அதற்காக 2015ல் சதோஷி ஓமுராவுக்கும் வில்லியம் கேம்பலுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மண்ணிலிருந்து வந்ததற்கு மண்ணிலிருந்தே மருந்து என்று இங்கே ஒரு வாக்கியம் எழுதக் கை வருகிறது. எழுதுவதில் பயன் இல்லை. அந்த மாத்திரையின் விலை அதிகமில்லை. ஆறு வருஷத்துக்கு முன்னால், முதல் ஸ்டெராய்ட் பட்டைக்கு முன்னால், யாராவது அந்த டாக்டர் பெண் கேட்ட கேள்வியைக் கேட்டிருந்தால் இரண்டு நாள் மாத்திரையோடு முடிந்திருக்கும்.

அவர் வேலைக்குத் திரும்பவில்லை. நுரையீரல் பழையபடி ஆகவில்லை. கெலமங்கலம் பக்கத்து வீட்டுக்கே போய்விட்டார். மல்பெரி போன இடத்தில் இப்போது ரோஜாவுக்குப் பிளாஸ்டிக் கூடாரம் போட்டிருக்கிறார்கள். கூலிக்கு நிற்கும் பெண்களில் பாதிப் பேர் காலில் செருப்பில்லை. போன மாதம் போயிருந்தேன். அவர் மனைவி ராகிக்களி போட்டுவிட்டு, "அண்ணா, இவரு ரொம்ப நாளா உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு சொல்லிட்டு இருக்காரு," என்றார்.

நண்பர் தட்டைப் பார்த்தபடியே கேட்டார்: "அந்த நோட்டு இருக்குதா? மண்ணு பத்தின கவிதைங்க."

1996ல் வீடு மாற்றியபோது பழைய காகிதத்தோடு போட்டுவிட்டேன். ஞாபகமாகவே போட்டேன். அதைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "பரவால்ல விடு. ரெண்டு மூணு ஞாபகம் இருக்குது," என்றார். சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்று நான் கேட்கவில்லை. அந்தத் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. இன்னொருவர் போய்க் கேட்டால் அவர் சொல்லலாம். வழி வேண்டுபவர்கள் எனக்கு எழுதுங்கள்.

1988 கட்டுரையில் இருமல் பற்றிய இரண்டு பக்கங்களை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். கிராம ஏக்கம் என்று நான் ஒதுக்கியது ஏக்கமல்ல. அது ஒரு தகவல். இதைப் படிப்பவர்களில் யாராவது ஸ்டெராய்ட் சாப்பிட வேண்டிய ஸ்திதியில் இருந்தால், சாப்பிடுமுன் டாக்டரிடம் சொல்லுங்கள்: சின்ன வயதில் எந்த ஊரில், எந்த மண்ணில், செருப்பில்லாமல் நடந்தீர்கள் என்று. ஒரு தடவை மலத்தைச் சோதித்து இல்லை என்று சொன்னால் நம்பிவிடாதீர்கள். அநேகமாகத் தவறிவிடும், திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடவும் கூடாது. அதற்கு வேறு ஆபத்து உண்டு. அவர் கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். நாற்பது வருஷத்துக்கு முந்தியது என்று விட்டுவிட வேண்டாம்.